எடை போட்டு வாங்கிய புத்தகங்கள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கூடுதல் இரண்டும் என் தங்கச்சி விட்டுப்போன பிள்ளைகள். ஐந்தில் நான்கு நல்ல நிலைமையில் இருக்கிறது. மற்றது சென்னையில் இருக்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் அரைப்பரீட்சை வரைக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு தலைப்பை நான் வாசித்து முடிப்பதற்குள், புத்தகம் கேட்டு வந்தவர் தாராபுரம் போய்த் திரும்பிவிடலாம். இப்படிப்பட்ட நான்தான் எங்கள் சபையின் இலவச நூலகத்தைப் பன்னிரண்டு வருஷம் தனியாளாக நடத்தினேன். நடத்தினேன் என்றால் நன்றாகவே நடத்தினேன்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். இப்போது படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். புத்தகத்தின் முதுகில் ஒரு கருவியைக் காட்டுகிறாள், சிவப்பு வெளிச்சம் அடிக்கிறது, 'டிக்' என்கிறது, முடிந்தது. என்னைப் பார்த்து அவள் கேட்டாள். "ஆச்சி, படிக்கத் தெரியாம எப்படி ஆச்சி லைப்ரரி பாத்தீங்க?"

"படிக்கிறவங்களுக்குத்தானே படிக்கத் தெரியணும்? குடுத்து வாங்குறவளுக்கு எதுக்கு?" என்றேன்.

சிரித்துவிட்டு, "இதை எழுதி வைங்க ஆச்சி" என்றாள். அதனால் சொல்கிறேன். என் பேத்தி எழுதுகிறாள். நான் சொல்வதை அவள் பள்ளிக்கூடத் தமிழில் போடுகிறாள். பேசினவர்கள் பேச்சை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். மழை பெய்யாத ஒரு வருஷம் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்தோம். முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் முதலில் கைமடி வேலை, அதாவது தைத்து விழுகிற துணியை எடுத்து மடித்துக் கொடுப்பது. அப்புறம் செக்கிங். இருபத்திரண்டு வருஷம் செக்கிங் மேசை முன்னால் நின்றேன். அந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. கழுத்தை இழுத்துப் பார். தோளை விரி. கைக்குள்ளே விரலைவிட்டுச் சுற்று. பக்கத் தையலை வெளிச்சத்தில் பிடி. அடிமடிப்பை ஓட்டு. திருப்பிப் போட்டு உள்பக்கமும் அதே மாதிரி. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டினால் அது ஒட்டினதுதான். முதலாளியே வந்து "போனாப் போகுதுங்க, பாஸ் பண்ணுங்க" என்றாலும் என் அம்பு கழலாது.

ஒரு நாள் கறுப்புப் பனியனில் கறுப்பு நூல் தொங்கியது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே மேசையை விட்டு விலகினேன். யாரும் போகச் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுது, கண்ணு.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அப்போது இருந்த ஐயர் ஒல்லியானவர், வீட்டில் பாய் விரிக்க இடமில்லாமல் புத்தகம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை லீவில் கம்பெனிப் பிள்ளைகள் எங்கே போவதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஆலயத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு நூலகம் திறந்தார். வாசலில் ஒரு பலகை. 'எந்த மதத்தாரும் வரலாம். எடுத்துப் போகலாம். உங்களிடம் உள்ளதையும் தரலாம். எல்லாம் இலவசம்.' பலகையைப் பார்த்து ஊரே தந்தது. கதைப் புத்தகம் வந்தது, பத்தாம் வகுப்பு கைடு வந்தது, இந்தியில் சினிமாப் புத்தகம் வந்தது, ஒருவர் போன வருஷத்து நாள்காட்டியை அட்டை போட்டுக் கொண்டுவந்தார். ஒரு பையில் ரேஷன் கார்டும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த வீட்டார் சர்க்கரை வாங்கப் போகும்போதுதான் தேடி ஓடி வந்தார்கள்.

ஐயருக்கு ஒரு வழக்கம். எதைச் சொல்வதானாலும் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் நுனியில் துடைத்துக்கொண்டே, "இதில் மூன்று காரியம் உண்டு" என்று தொடங்குவார். முதல் காரியம் வரும். இரண்டாவது வரும். மூன்றாவது வராது. கொஞ்ச நேரம் மேலே பார்ப்பார். பிறகு "ஜெபம் செய்வோம்" என்று கண்ணை மூடிவிடுவார். பதினோரு வருஷமாக அவருடைய மூன்றாவது காரியத்தை எங்கள் சபையில் யாரும் கேட்டதில்லை.

நூலகத்துக்கு ஆள் வேண்டும் என்றபோது அவர் என் பெயரைச் சொன்னார். சபைச் செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி எழுந்துவிட்டார். அவர் பட்டன் கடை வைத்திருந்தவர். கம்பெனிகளுக்கு எல்லாம் அவர் பட்டன்தான்.

"ஐயரே, பாக்கியத்துக்கு எழுத்தே தகராறு. என் தங்கச்சி மவ லைப்ரரிப் படிப்பே படிச்சிட்டு சும்மா இருக்கா" என்றார்.

ஐயர் கண்ணாடியைத் துடைத்தார். "இதில் மூன்று காரியம் உண்டு. ஒன்று, பாக்கியம் கண்ணில் ஒரு நூல்கூடத் தப்பாது. இரண்டு, பாக்கியத்துக்கு யார்மேலும் பயம் கிடையாது. மூன்று..." மேலே பார்த்தார். "ஜெபம் செய்வோம்."

ஜெபம் முடிந்தபோது சாவி என் கையில் இருந்தது.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மூன்று நாள் எனக்குப் பயிற்சி கொடுத்தார். நாலாம் நாள் எனக்கு ஒன்றும் நினைவில்லை. பரவாயில்லை என்று எனக்குத் தெரிந்த மாதிரி அடுக்கினேன். எஸ், எம், எல், எக்ஸ்எல். கைக்குள் அடங்குவது எஸ். தலையணைக்கு ஆகும் என்றால் எக்ஸ்எல். ஒவ்வொரு சைஸுக்குள்ளும் கலர் வாரியாக. நீல வேதவிளக்கமும் நீலச் சமையல் புத்தகமும் எல் சைஸ், ஆகையால் பக்கத்துப் பக்கத்தில். அண்ணாச்சி இதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள். "டீச்சர், மீடியம் பச்சையில அந்தப் பேய்க்கதை வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வருவார்கள்.

டீச்சர்! அதைச் சொல்லத்தான் வந்தேன். கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் எனக்குப் பெயர் 'ஏய் செக்கிங்கு'. இங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் நாளே ஒரு சின்னப் பெண் "டீச்சர்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன மறந்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்வேன் என்று ஆகிவிட்டது. அண்ணாச்சி மட்டும் 'பாக்கியம்' என்றே கூப்பிட்டார். வாராவாரம் வந்து எக்ஸ்எல் அடுக்குக்கு முன்னால் நின்று தூசி இருக்கிறதா என்று பார்ப்பார். தங்கச்சி மகளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கும் நாளைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கும் தெரியும்.

ஆகவே வேலையில் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று இருந்தேன். நோட்டில் பெயர் எழுதுவதற்குப் பதில் ஆளுக்கு ஒரு படம் போட்டேன். ஐயருக்கு மூக்குக்கண்ணாடி. அண்ணாச்சிக்கு நாலு ஓட்டைப் பட்டன். எங்கள் பழைய முதலாளியம்மா ருக்குமணிக்கு மூக்குத்தி. வெளியே போகிற புத்தகத்தையும் திரும்பி வருகிற புத்தகத்தையும் பனியன் மாதிரியே பார்ப்பேன். முதுகை இழுத்து, அட்டையை விரித்து, தாளை ஓட்டி. கறை, கிழிசல் இருந்தால் அம்பு.

ருக்குமணியம்மா புத்தகம் ஒன்றில் ஒரே நாளில் ஏழு அம்பு ஒட்டினேன்.

"ஏனுங் டீச்சரம்மா, எதுக்குங் இத்தன அம்பு?"

"எண்ணெய்க் கறைங்க."

"எண்ணெ இல்லீங்க, நெய்யுங்க. எங்கூட்டு எருமை நெய்யுங்க. வாசம் பாருங்க வேணும்னா."

வாசம் பார்த்தேன். நெய்தான். இருந்தாலும் அம்பு அம்புதான்.

கஷ்டம் எதிலென்றால் தாள் எண்ணுவதில். தாள் குறைகிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணினால் வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது. எங்கள் கம்பெனியில் இதற்கு ஒரு வழி உண்டு. அட்டைப் பெட்டியில் ஒரு பீஸ் குறைகிறதா என்று யாரும் பிரித்து எண்ண மாட்டார்கள். எடை போடுவார்கள். ருக்குமணியம்மாவிடம் போய்க் கேட்டேன். சாம்பிள் ரூமில் சும்மா கிடந்த பழைய கிராம் தராசு ஒன்றைக் கொடுத்தார். நாங்கள் திறந்தது ஐப்பசி மாதம். அந்த மாதமே எல்லாப் புத்தகத்தையும் எடை போட்டுப் பின் அட்டையில் பென்சிலால் குறித்தேன். எழுத்துத்தான் எனக்குத் தகராறு. எண் என்றால் நான் ராஜா.

என்ன அருமையான ஏற்பாடு தெரியுமா! ஒரு தாள் ஏறக்குறைய இரண்டு கிராம். கூடினாலும் தெரியும், குறைந்தாலும் தெரியும். கூடின புத்தகத்தை உதறினால் பஸ் டிக்கெட் விழும், ஹேர்பின் விழும். ஒரு தடவை நாலு கிராம் கூடின புத்தகத்தை உதறினேன், காதல் கடிதம் விழுந்தது. கொண்டுவந்த பெண்ணின் முகம் சிவந்துபோனது. "நான் படிக்கல கண்ணு, எனக்குப் படிக்கத் தெரியாது" என்று கையில் கொடுத்துவிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாததில் ஒருத்தருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்.

தை போனது, மாசி வந்தது. புத்தகங்கள் இளைக்க ஆரம்பித்தன. அதில் ஐந்து கிராம், இதில் ஏழு கிராம். ஐந்து வரைக்கும் மன்னித்தேன். அதற்குமேல் என்றால் ஆளை மேலும் கீழும் பார்த்தேன். ஊரே கூடி ஆளுக்கு ரெண்டு தாள் கிழிக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து நாலு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பங்குனியில் அண்ணாச்சி வந்தார். பதினைந்து நாளில் தர வேண்டிய புத்தகத்தை ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்தார். தென்னை வளர்ப்புப் புத்தகம். ஊரில் தோப்பு வாங்கிப் போய் உட்கார அவருக்கு ஆசை. அந்தப் புத்தகம் நூலகத்துக்கு வந்தபோதே முன்னாலும் பின்னாலும் தாள் இல்லாமல் வந்தது. எந்தப் பக்கத்தில் முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்குச் சாட்சி பென்சில் எடை ஒன்றுதான். அறுநூற்றுப் பன்னிரண்டு. தராசில் வைத்தேன். ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு.

"அண்ணாச்சி, பதினெட்டு கிராம் குறையுது."

"எதுல?"

"உங்க தென்னையில."

"தென்னையில என்ன குறையும்? இது என்ன புஸ்தகமா, புண்ணாக்கா? நிறுத்துப் பாக்கியே?"

"ஒன்பது தாள் இல்ல அண்ணாச்சி. வீட்ல தோசைக்கல்லு தொடைக்க அக்கா எடுத்தாங்களான்னு கேட்டுப் பாருங்க."

"ஏய் பாக்கியம்! நான் ஒரு தாளையும் தொடல, கேட்டியா!"

நான் அம்பு ஸ்டிக்கரை உரித்தேன். புத்தகத்தில் ஒட்டப் போனேன். அவர் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்தார். என் கை போன வேகத்தில் நிற்கவில்லை. அம்பு அவருடைய வெள்ளைச் சட்டையில், பையின்மேல், அவருடைய மோவாயைக் காட்டியபடி ஒட்டிக்கொண்டது. கோபத்தில் அவர் கவனிக்கவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தோன்றியது, சொல்லவில்லை.

அந்த அம்போடு அவர் பேக்கரிக்குப் போய் டீ குடித்தார். பாங்குக்குப் போனார். ஒரு துக்க வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஜெபம் பண்ணினார். பனியன் ஊரில் அந்த அம்புக்கு அர்த்தம் தெரியாதவன் கிடையாது. செகண்ட்ஸ் மால், கழித்துப் போட்ட சரக்கு. துக்க வீட்டில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லாரும் குலுங்கினார்கள். அவர் தன் ஜெபம் அவர்களை உருக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம் நீட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. அண்ணாச்சி கையில் மடித்த சட்டை, அதில் அம்பு.

"ஐயரே, இது லைப்ரரியா, காய்கறிக் கடையா? எழுத்துத் தெரியாத பொம்பளை கையில தராசக் குடுத்தா இப்படித்தான். ஒரு சோதனை வைப்போம். நானே பத்துப் புஸ்தகம் எடுக்கேன். ஒண்ணுல கழண்டு கெடக்கிற தாளை உருவி வச்சிக்கிடுதேன். அடுத்த ஞாயித்துக்கிழம சபைக்கு முன்னால அது எதுன்னு பாக்கியம் தராசு சொல்லட்டும். சொல்லாட்டி சாவியக் குடுத்திரணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாவி இடுப்பில் இருந்தது. "வைங்க சோதனை" என்றேன். 

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஒருவரும் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ருக்குமணியம்மா, "காலையிலயே நம்ம பூசைய முடிச்சுப்போட்டு வந்துட்டனுங்க" என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தராசு. பக்கத்தில் பத்துப் புத்தகம். என்னைச் சுற்றி அறுபது எழுபது கண்.

முதல் புத்தகம். பென்சில் எடை இருநூறு. தராசு காட்டியது நூற்றுத் தொண்ணூற்று நாலு. ஆறு குறைவு. "இதுவா?" என்றார் அண்ணாச்சி. "இருங்க" என்றேன். இரண்டாவது, முந்நூறு. காட்டியது இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பது குறைவு. மூன்றாவதும் குறைவு. நாலாவதும். பத்தும் குறைவு. பின்னால் யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது.

"என்ன பாக்கியம்? நான் ஒண்ணுலதானே உருவினேன், பத்தும் கொறயுதா?"

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. 'டீச்சர்' என்று சொன்ன அந்தச் சின்னப் பெண் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்த்த கையைச் சேலையில் துடைத்தேன். பருத்திச் சேலை. ஒரே இழுப்பில் ஈரத்தைக் குடித்துவிட்டது. அங்கே நின்றுவிட்டேன்.

மழைக்காலத்தில் எங்கள் கம்பெனியில் துணி ரோல் கனத்து வரும். வெயில் காலத்தில் அதே ரோல் இளைத்துவிடும். சாயப்பட்டறைக்காரனும் முதலாளியும் வருஷா வருஷம் இதற்குச் சண்டை போடுவதை நான் பார்த்தவள். துணி ஈரம் குடிக்கும் என்றால் தாள் குடிக்காதா? நான் எடை குறித்தது ஐப்பசி அடைமழை. இது பங்குனி வெயில். யாரும் எதையும் கிழிக்கவில்லை. புத்தகங்கள் காய்ந்திருந்தன, அவ்வளவுதான். இரண்டு மாதமாக நான் ஊரையே திருடன் என்று பார்த்திருக்கிறேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் தப்புக்கு அம்பு ஒட்டினவள் நான்.

"அண்ணாச்சி, உங்க தென்னையில ஒரு தாளும் போகல. அது காஞ்சு போச்சு. தப்பு என் பேர்ல" என்றேன். விஷயத்தைச் சபைக்கு விளக்கினேன்.

ருக்குமணியம்மா எழுந்து, "நெசந்தானுங்க. மழைக்கு எங்க ரோலெல்லாம் சும்மா கிண்ணுனு கனக்குமுங்க" என்றார்.

அண்ணாச்சி கையை நீட்டினார். "நீயே ஒத்துக்கிட்ட. சாவியக் குடு."

சாவியை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதே கணக்கு ஓடியது. இருநூறுக்கு ஆறு, முந்நூறுக்கு ஒன்பது, தென்னையில் அறுநூறுக்குப் பதினெட்டு. நூறுக்கு மூன்று. எல்லாம் ஒரே வெயிலில் காய்ந்தது, ஒரே அளவுதானே இளைக்க வேண்டும்? அதற்குமேல் இளைத்தது எதுவோ அதில்தான் கை பட்டிருக்கிறது.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று மூன்றாவது புத்தகத்தை எடுத்தேன். நானூறு. பன்னிரண்டு இளைத்து முந்நூற்று எண்பத்தெட்டு இருக்க வேண்டும். இருந்தது முந்நூற்று எழுபத்திரண்டு. "இதுல பதினாறு கிராம் அதிகமாப் போயிருக்கு. எட்டுத் தாள் உருவியிருக்கீங்க."

 அண்ணாச்சி பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். எட்டு. சபை கை தட்டியது. ஆலயத்தில் கை தட்டக் கூடாது, தட்டியது.

"இன்னும் ஒன்னு இருக்கு" என்றேன்.

"நான் ஒண்ணுதான் எடுத்தேன்" என்றார் அண்ணாச்சி.

"ஏழாவது புத்தகம். இருநூறு. நூத்தித் தொண்ணூத்தி நாலு இருக்கணும். நூத்தி எண்பத்தாறுதான் இருக்கு. நாலு தாள் போயிருக்கு. இது வேற ஆள்."

நோட்டைப் புரட்டினேன். அந்தப் புத்தகம் ஒரே ஒரு ஆளிடம்தான் போயிருந்தது. அதற்கு நேராக நான் போட்ட படத்தைப் பார்த்தேன். அந்த ஆளிடம் மட்டும் நான் எடை போடாமல் வாங்குவது வழக்கம். நோட்டை மூடலாம் என்று நினைத்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டார். "மூக்குக்கண்ணாடி!" என்றார் சத்தமாக.

எல்லாத் தலையும் ஐயர் பக்கம் திரும்பியது.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். அங்கியின் நுனியில் துடைத்தார். "இதில் மூன்று காரியம் உண்டு" என்றார். "ஒன்று, அந்தப் புத்தகத்தில் ஒரு நல்ல கதை இருந்தது. இரண்டு, எனக்குப் பார்த்து எழுதும் பொறுமை கிடையாது." மேலே பார்த்தார். நாங்கள் எல்லாரும் பழக்கத்தில் கண்ணை மூடப் போனோம். "மூன்று, கிழித்தது நான்தான்."

தன் வேதபுத்தகத்தைத் திறந்து நாலு தாளை எடுத்துக் கொடுத்தார். அது ஒரு எருமைக் கதை. கணியூரில் தான் ஊழியம் செய்தபோது, ஜெபக்கூட்டத்துக்கு நடுவில் ஓர் எருமை வந்து முழங்காலிட்டது என்று முந்தின மாதம் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். சபையே அழுதது. நான் இரண்டு தடவை மூக்கைச் சிந்தினேன்.

பின்வரிசையில் இருந்து ஒரு வயதான அம்மா எழுந்தார். "அப்ப அந்த எருமை உங்க எருமை இல்லியா ஐயா?"

"எருமையும் புத்தகத்தில் உள்ளதுதான் அம்மா."

"நான் அதுக்குன்னு தனியா ஜெபம் பண்ணிட்டு வாரேனே ஐயா!"

அதற்குப் பிறகு அங்கே கமிட்டியும் இல்லை, சபையும் இல்லை. சிரிப்புத்தான். நான் ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஓர் அம்பை உரித்து என் தோளில் ஒட்டிக்கொண்டேன். நல்ல பீஸைக் கழித்தால் அது செக்கிங்காரியின் குற்றம். ஐயர் என் முன்னால் வந்து நின்றார். அவர் அங்கியிலும் ஒன்று ஒட்டினேன்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் விரலால் தட்டினார். "எல்லாம் சரி. வார ஐப்பசிக்கு மறுபடியும் மழை பெய்யும். எல்லாப் புஸ்தகமும் கனக்கும். அப்ப என்ன செய்வ? இதுக்கு வழி சொல்லு. சொல்லாட்டி சாவி சாவிதான்."

சரியான கேள்வி. பட்டன் வியாபாரி அல்லவா.

"சீல்டு சாம்பிள் வைப்பேன் அண்ணாச்சி" என்றேன். பனியன் கம்பெனியில் அது உண்டு. வெளிநாட்டுக்காரன் ஒரு பீஸைப் பார்த்து, இதுதான் சரி என்று முத்திரை போட்டுக் கொடுத்துவிடுவான். அதை யாரும் போட மாட்டார்கள், விற்க மாட்டார்கள். ஆயிரம் பீஸ் தைத்தாலும் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். "அதே மாதிரி ஒரு புத்தகத்தை வெளியே குடுக்காம இங்கயே வச்சு, தினம் காலையில எடை போடுவேன். அது எவ்வளவு கூடுதோ குறையுதோ, அதுதான் அன்னைக்கு எல்லாப் புத்தகத்துக்கும்."

"எந்தப் புஸ்தகத்தை?"

"ஒருத்தரும் கேக்காத புத்தகமா இருக்கணும். அப்பத்தான் யாருக்கும் நஷ்டமில்ல." நோட்டைப் பார்த்தேன். திறந்த நாளிலிருந்து பக்கத்தில் ஒரு படம்கூட விழாத புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது. அறைக்குள் போய் எடுத்து வந்தேன். எக்ஸ்எல், அரக்குக் கலர். பெயர் என்ன என்று ஐயர் கேட்டார். எல்லார் முன்னாலும் எழுத்துக் கூட்டினேன்.

"ப... பட்... பட்டன்..."

முன்வரிசையில் சிரிப்பு சட்டென்று நின்றது. எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. தொடங்கியதை முடிக்க வேண்டும் அல்லவா?

"பட்டன் கடை... மு... முதல்... பர... பரலோகம்... வரை. செ... செல்... செல்லத்..."

அங்கேதான் எனக்கு விளங்கியது. அண்ணாச்சி தன் வாழ்க்கையைத் தானே எழுதித் தானே அச்சடித்துக் கொடுத்த புத்தகம். வாராவாரம் அவர் அந்த அடுக்குக்கு முன்னால் வந்து நின்றது தூசி பார்ப்பதற்கு இல்லை.

 சாவி அவிழ்த்தபடியே மேசைமேல் இருந்தது. போயிற்று என்று நினைத்தேன். ஐயர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

அண்ணாச்சி அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார். "இது வெளியே போகாது?"

"போகாது அண்ணாச்சி. யார் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"கலெக்டர் வந்து கேட்டா?"

"கலெக்டருக்கும் கிடையாது."

"மத்த புஸ்தகத்தையெல்லாம் இதோட வச்சுத்தான் பாப்பிய?"

"ஆமா அண்ணாச்சி. இதுதான் எல்லாத்துக்கும் அளவு."

மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டார். மேசைமேல் நான் வைத்த சாவியை எடுத்தார். என் பக்கம் நீட்டினார்.

"அப்ப கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டுங்க, டீச்சர்" என்றார்.

அப்படித்தான் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். பிறகு அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் புஸ்தகத்தை இப்ப வெளிய குடுக்கதில்ல, பாக்கணும்னா லைப்ரரிக்குப் போய்க் கண்ணாடி வழியாப் பாத்துக்கிடுங்க" என்று சொன்னதாகக் கேள்வி. நாலு பேர் வந்து பார்க்கவும் செய்தார்கள். காலை எடைக்குத் தவிர நான் பூட்டைத் திறக்கவில்லை.

போதும். பேத்தி, பேனாவை வை. தண்ணீர் குடி. இனி மேலேயிருந்து எல்லாவற்றையும் ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டு, கண்ணு. மெதுவாக வாசி. எங்கேயாவது நான் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருந்தால், அந்த இடத்தை மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி.